சீனியின் உருவங் கண்ட எமில் பிஷர்

தை பிறந்து பங்குனி முடியும் வரையில் திம்புள்ளப் பகுதியில் வறண்ட குளிர்காற்று வீசும். பகலில் நல்ல வெயில். இரவில் எலும்பை ஊடுருவும் குளிர். திம்புள்ளத் தேயிலையில் மிகச் சிறந்தது அக்காலத்துக் கொழுந்திலிருந்தே கிடைக்கிறது. தலவாக்கலையிலோ கொட்டகலையிலோ லிந்துலையிலோ அம்மாதங்களில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையைக் கடந்து செல்வோர், கொழுந்து உருட்டப்படும் வேளையில் எழும் மலர்மணம் போன்றதொரு நறுமணத்தை உணராமற் போவதில்லை. செடியிற் பறிக்கும்போது பச்சைப் புல்லின் நெடியன்றி வேறு வாசனை அறியாத இலையில் இம்மணம் எங்கிருந்து வந்தது?

இக்கேள்விக்குரிய விடையின் வேர், நூறாண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு ஜெர்மானியரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் தேயிலையை ஆராய வேண்டுமென்று புறப்பட்டவர் அல்லர். ஆயினும் நாம் பருகும் ஒரு கோப்பைத் தேநீரிலுள்ள சீனியின் இனிப்பு, கஃபீன் தரும் ஊக்கம், நாவைச் சுருக்கும் துவர்ப்பு ஆகிய மூன்றைப் பற்றிய இரசாயன அறிவிலும் அவருடைய கை பட்டிருக்கிறது. அவர் பெயர் எமில் பிஷர்.

மலையகத்தில் நான் இரசாயனம் கற்பித்த ஆண்டுகளில், மாணவர்கள் இப்பெயரை மூலக்கூறுகளைத் தாளில் வரையும் ஒரு முறையின் பெயராக மட்டுமே அறிந்திருந்தார்கள். வெல்லங்களின் படத்தை மனனஞ் செய்வதென்றால் அவர்களுக்குக் கசப்பு. அப்படத்தை முதன்முதலில் வரைந்தவர் எவ்வளவு இருளிலிருந்து அதனை வெளிக்கொணர்ந்தார், அதற்கு எத்தகைய விலை கொடுத்தார் என்று சொன்ன பின்னர் அதே படம் அவர்களுக்கு வேறாகத் தோன்றியதை நான் கண்டேன். அக்கதையையே இங்கு எழுத முற்படுகிறேன்.

1852ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், கொலோன் நகருக்கு அணித்தான ஒய்ஸ்கிர்ஷன் என்னும் சிற்றூரில் பிஷர் பிறந்தார். தந்தை லோரன்ஸ் பிஷர் செல்வம் படைத்த வணிகர். ஐந்து பெண்மக்களுக்குப் பின் பிறந்த ஒரே மகன், குடும்ப வாணிபத்தை ஏற்று நடத்துவான் என்று அவர் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. மைத்துனரின் மரவாணிபத்தில் மகனைப் பழக விட்டார். மகனுக்கோ கணக்கேட்டில் மனம் பதியவில்லை. இவன் வணிகத்துக்கு உதவமாட்டான், படிக்கவாவது போகட்டும் என்று தந்தையார் சலித்துக்கொண்டதாகக் கதையுண்டு. வாணிப உலகுக்கு நட்டமோ என்னவோ, விஞ்ஞானத்துக்கு அச்சலிப்பு பேரிலாபமாயிற்று.

1871இல் பான் நகரப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து கெக்குலேயின் விரிவுரைகளைக் கேட்டார். அப்போதும் அவர் மனம் பௌதிகத்தின் பக்கமே சாய்ந்திருந்தது. மறுவருடம் தம் ஒன்றுவிட்ட சகோதரர் ஒட்டோ பிஷருடன் ஸ்ராஸ்பூர்க் சென்று, அங்கு அடொல்ப் பாயர் என்னும் பேராசிரியரிடம் பயின்றபோதுதான் இரசாயனமே தமது வழி என்று துணிந்தார். 1874இல் சாயப்பொருள்கள் பற்றிய ஆய்வுக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில், இருபத்திரண்டு வயது நிரம்பிய இளைஞராய் அவ்வாய்வுகூடத்தில் உதவியாளராய் இருக்கையில், அதுவரை எவரும் அறியாத ஒரு சேர்வை அவர் கையில் அகப்பட்டது. பினைல் ஐதரசீன் என்பது அதன் பெயர். அவர் வாழ்க்கையின் ஆக்கத்துக்கும் அழிவுக்கும் இந்த ஒரு பொருளே காரணம் என்றால் மிகையாகாது.

பாயரைத் தொடர்ந்து மியூனிக் சென்றார். பின்னர் எர்லாங்கன், வூர்ஸ்பூர்க் ஆகிய பல்கலைக்கழகங்களிற் பேராசிரியரானார். 1892இல் பேர்லின் பல்கலைக்கழகத்தில் ஹொப்மனின் ஆசனத்தை அடைந்தார். இடையில், 1883இல், பெரியதொரு சாயத் தொழிற்சாலை தன் ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கும்படி அவரை அழைத்தது. தந்தையின் செல்வம் அவருக்குக் கவலையற்ற வாழ்வைத் தந்திருந்தமையால் அவ்வழைப்பை அவர் மறுத்துவிட்டார். வணிகத்துக்கு உதவாத மகனை வணிகத்தின் வருவாயே காத்தது என்பதை எண்ணிப் பார்க்கையில் எனக்குச் சிரிப்பு வருவதுண்டு.

அவர் செய்த வேலையைச் சொல்லுமுன், அவ்வேலை எத்தகையது என்பதை வாசகர் அறிந்துகொள்ளுதல் வேண்டும். தோட்டத்தில் விடிகாலையில் ஒருவர் முதுகிற் கூடையுடன் போனால் கொழுந்தெடுக்கப் போகிறார் என்றும், கையிற் கவ்வாத்துக் கத்தியுடன் போனால் கவ்வாத்து மலைக்குப் போகிறார் என்றும், முள்ளுடன் போனால் மண் கிளறப் போகிறார் என்றும் எவரும் சொல்லிவிடுவர். ஆளின் உயரத்தையோ நிறத்தையோ பார்த்து அதனைச் சொல்ல முடியாது. கையிலிருக்கும் கருவியே தொழிலைக் காட்டும். மூலக்கூறுகளின் இயல்பும் பெரும்பாலும் இவ்வாறே. காபன் அணுக்கள் கோத்த சங்கிலி உடம்பு மட்டுமே. அதில் ஆங்காங்கே பொருந்தியிருக்கும் சிறு அணுக்கூட்டங்களே அதன் தொழிலை நிர்ணயிக்கின்றன. இவற்றைத் தொழிற்படு கூட்டங்கள் என்பர்.

ஒட்சிசன் ஒன்றும் ஐதரசன் ஒன்றும் சேர்ந்த ஐதரொட்சைல் கூட்டம் நீரை நாடும். சீனி நீரிற் கரைவது அதனாலேயே. காபனுடன் ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பால் இணைந்து, அக்காபன் சங்கிலியின் முனையில் ஓர் ஐதரசனையும் தாங்கியிருப்பின் அது அல்டிகைட்டு. அதே இரட்டைப் பிணைப்பு சங்கிலியின் இடையில் வரின் அது கீற்றோன். அல்டிகைட்டு இன்னுமோர் ஒட்சிசனை ஏற்றுக்கொண்டால் காபொட்சிலிக் அமிலமாகிவிடும். உயிர்ப்பொருள்களின் இரசாயனத்தை முதன்முறை கற்பவர் இந்நான்கையும் நைதரசன் தாங்கிய அமீன் கூட்டத்தையும் அறிந்தால், பாதித் தூரம் நடந்தவராவர்.

குளுக்கோசு என்னும் எளிய வெல்லத்தில் ஆறு காபன் அணுக்கள் உள்ளன. பிஷர் கருதிய வடிவில் அவை ஒரே சங்கிலியாக நிற்கும். முதற் காபன் அல்டிகைட்டு. மற்றைய ஐந்தும் ஒவ்வோர் ஐதரொட்சைலைத் தாங்கி நிற்கின்றன. பழங்களிலும் தேனிலுமுள்ள பிரக்டோசிலும் அதே ஆறு காபன், பன்னிரண்டு ஐதரசன், ஆறு ஒட்சிசன். வேற்றுமை யாதெனில், அதில் முதற் காபனில் அல்டிகைட்டு இல்லை. இரண்டாங் காபனிற் கீற்றோன் இருக்கிறது. நாம் தேநீரிலிடும் சீனி இவ்விரண்டும் கைகோத்த இரட்டை. இவையனைத்தையும் இரசாயன நூல்கள் வெல்லங்கள் என்ற பொதுப்பெயரால் வழங்கும். நம் கருப்பட்டியை அப்பெயரால் மயங்கிக்கொள்ள வேண்டா.

இவ்வளவும் பிஷருக்கு முன்னரே கிலியானி முதலியோர் ஆய்வால் ஒருவாறு தெரிந்திருந்தது. தெரியாதது ஒன்றே, ஆனால் அது மலைபோன்றது. ஒரு காபன் அணுவின் நான்கு கைகளிலும் நான்கு வெவ்வேறு கூட்டங்கள் இருந்தால் அவற்றை இரண்டு விதமாக அமைக்கலாம் என்று 1874இல் வான்ட் ஹொப், லெபெல் என்னும் இருவர் தனித்தனியே கண்டனர். வலக்கையும் இடக்கையும் போல என்று கொள்ளலாம். கொழுந்தெடுக்கும் பெண்ணின் இரு கைகளிலும் விரல்கள் அதே ஐந்து, வரிசையும் அதே; ஆயினும் ஒன்றன் மேல் ஒன்றை அப்படியே வைத்துப் பொருத்த முடியாது. கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்றவை அவை. குளுக்கோசில் இத்தகைய காபன்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை என்றால் மொத்தம் பதினாறு வெல்லங்கள் இருக்கக்கூடும். அணுக்களின் எண்ணிக்கையும் தொழிற்படு கூட்டங்களும் பதினாறிலும் ஒன்றே. அவற்றுள் நம் இரத்தத்தில் ஓடும் குளுக்கோசு எது?

அக்காலத்தில் மூலக்கூறைப் படம்பிடிக்கும் கருவி எதுவும் இல்லை. அதனினும் பெரிய தடை, வெல்லங்களின் பிடிவாதம். பல வெல்லங்கள் ஆய்வுகூடத்தில் எளிதிற் பளிங்காவதில்லை. காய்ச்சினால் பாகு, மேலுங் காய்ச்சினால் கரி. ஒரு கிண்ணத்துப் பாகுக்கும் மறு கிண்ணத்துப் பாகுக்கும் வேற்றுமை காண்பது எவ்வாறு? இங்கேதான் பினைல் ஐதரசீன் துணைக்கு வந்தது. 1884இல் பிஷர் அதனை வெல்லக் கரைசலுடன் சேர்த்துச் சூடாக்கியபோது மஞ்சள் நிறப் பளிங்குகள் பிரிந்தன. அவற்றுக்கு ஒசசோன் என்று பெயரிட்டார். பிற்கால மாணவர் பலர் இதனைத் தம் கையாலேயே செய்து பார்த்திருப்பர். நுணுக்குக்காட்டியில் குளுக்கோசின் ஒசசோன், அறுத்துக் கட்டிய மானாப்புல் கட்டுகளைப் போல் ஊசியூசியாய்த் தெரியும். உருகும் வெப்பநிலையையும் வடிவத்தையும் கொண்டு வெல்லங்களை இனங்காண முடிந்தது. பாகுக்கு முகம் கிடைத்தது.

முகம் கிடைத்ததோடு ஒரு மர்மமும் அவிழ்ந்தது. குளுக்கோசு, மானோசு, பிரக்டோசு ஆகிய மூன்றும் ஒரே ஒசசோனையே தந்தன. பினைல் ஐதரசீன் முதலிரு காபன்களையும் பற்றிக்கொண்டு அங்கிருந்த வேற்றுமையை அழித்துவிடுகிறது. ஆகவே மூன்று வெல்லங்களும் மூன்றாங் காபனிலிருந்து கீழே ஒரே உருவம் உடையவை. வேற்றுமை மேலிரண்டில் மட்டுமே. ஒரு வீட்டின் உள்ளே போகாமல், வெளியில் நின்றே அதன் எந்த அறைகள் ஒத்தவை என்று சொல்லிவிட்டாற்போன்றது இது.

1890இல் கிளிசரோலிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மானோசு, குளுக்கோசு, பிரக்டோசு ஆகியவற்றை ஆய்வுகூடத்திலேயே ஆக்கினார். உயிருள்ள செடி தன் இலையில் ஒளியின் துணைகொண்டு செய்வதை மனிதன் கண்ணாடிக் குடுவையிற் செய்துவிட்டான் என்று விஞ்ஞான உலகம் வியந்தது. ஆனாலும் உருவப் புதிர் தீரவில்லை. 1891ஆம் ஆண்டு வசந்த விடுமுறையில் இத்தாலியின் போர்டிகேரா என்னும் கடற்கரை ஊருக்குத் தம் ஆசான் பாயருடன் சென்றிருந்தார். சிக்கலைப் பாயரிடம் எடுத்துரைக்க, அவர் உணவு மேசையில் ரொட்டியைப் பிசைந்து உருண்டைகளாக்கிப் பற்குத்தும் குச்சிகளாற் கோத்து மூலக்கூறுகள் செய்து பார்த்தார். பலமுறை முயன்று, ஈற்றில் தம்மால் இயலாதென்று விட்டுவிட்டார். பிஷர் இதனைத் தம் வாழ்க்கை நினைவுகளில் எழுதிவைத்திருக்கிறார். ஊர் திரும்பியபின் நல்ல மாதிரியுருக்களை வைத்துக்கொண்டு நெடுநேரம் சிந்தித்தே விடையைக் கண்டார்.

அவ்விடையின் முழு வழியையும் இங்கு விரித்தல் இயலாது. ஆனால் அதன் நுட்பத்தை ஓரிடத்திலாவது சுவைத்துப் பார்க்கலாம். வெல்லத்தின் இரு முனைகளையும் ஒட்சியேற்றி அமிலமாக்கிவிட்டால், மேல் கீழ் என்ற வேற்றுமை மறைந்துவிடும். அப்போது மூலக்கூறின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாயின், அது முனைவாக்கிய ஒளியைத் திருப்பாது, அல்லாவிடின் திருப்பும். ஐந்து காபனுடைய அரபினோசிலிருந்து பெற்ற அமிலம் ஒளியைத் திருப்பிற்று. உடனே, சமச்சீரான அமிலத்தைத் தரக்கூடிய உருவங்கள் அனைத்தும் தள்ளுபடியாயின. இவ்வாறு ஒவ்வொரு பரிசோதனையும் சில உருவங்களை நீக்கிக்கொண்டே வந்தது.

எஞ்சிய இரண்டில் எது குளுக்கோசு, எது மானோசு என்பதே கடைசிக் கேள்வி. இங்கு பிஷர் செய்த சூழ்ச்சி மிக அழகானது. சங்கிலியின் தலையையும் காலையும் இடம் மாற்றிவிட்டால் என்ன நிகழும் என்று எண்ணினார். இரண்டில் ஓர் உருவம் தலைகீழானாலும் தானாகவே இருக்கும். மற்றது புதியதொரு வெல்லமாகிவிடும். அப்படியானால், குளுக்கோசு தரும் அதே அமிலத்தைத் தரும் இன்னொரு வெல்லம் இருந்தாக வேண்டும். அத்தகைய வெல்லம் ஒன்றை அவர் ஆக்கிக் காட்டினார். குளுக்கோசு என்ற சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றிக் குலோசு என்று அதற்குப் பெயருஞ் சூட்டினார். உருவைத் தலைகீழாக்கிக் கிடைத்த வெல்லத்துக்குப் பெயரிலும் எழுத்து மாற்றம்! கடும் உழைப்பாளிகளிடமும் இத்தகைய குறும்பு உண்டு.

ஆயினும் ஓரிடத்தில் அவருடைய தருக்கம் நின்றுவிட்டது. குளுக்கோசின் நான்கு காபன்களும் ஒன்றோடொன்று எவ்வாறு உறவுகொண்டுள்ளன என்பதை அவர் ஐயமின்றிக் கூற முடிந்தது. ஆனால் அவ்வுருவம் உண்மையில் வலக்கையா, அதன் பிம்பமான இடக்கையா என்பதை அறிய அக்காலத்தில் எந்தப் பரிசோதனையும் இல்லை. பிஷர் அதனை மறைக்கவில்லை. இரண்டிலொன்றை எடுத்துக்கொண்டு, இது வசதிக்காகக் கொண்ட உடன்பாடு மட்டுமே என்ற தெளிவுடன் வரைந்தார். மேலிருந்து எண்ணும்போது ஐதரொட்சைல்கள் வலம், இடம், வலம், வலம் என்று நிற்கும் அந்தப் படமே இன்றும் பாடசாலைக் கரும்பலகைகளில் எழுதப்படுகிறது. தாம் அறிந்ததற்கும் தாம் கொண்டதற்கும் நடுவே இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்தவர் எக்காலத்திலும் சிலரே.

கஃபீன் ஆய்விலும் அதே நேர்மையைக் காண்கிறோம். தேயிலையிலும் கோப்பியிலுமுள்ள கஃபீன், கொக்கோவிலுள்ள தியோபுரோமின், மூட்டுவாதத்தில் மூட்டுகளிற் படியும் யூரிக் அமிலம் ஆகிய யாவும் ஒரு குடும்பத்தவை என்று அவர் கண்டார். காபனும் நைதரசனுமாய் அமைந்த இரு வளையங்கள் ஒட்டிய ஓர் உருவமே அக்குடும்பத்தின் மூதாதை. அதற்குப் பியூரின் என்று பெயரிட்டார். அவ்வளையங்களில் மூன்று மெதைல் கூட்டங்கள் பொருந்தினால் கஃபீன். இரண்டு பொருந்தினால், அவை நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தியோபுரோமினோ தேயிலையிற் சிற்றளவில் உள்ள தியோபிலினோ ஆகும். 1895இல் கஃபீனை முதன்முதலாக ஆய்வுகூடத்தில் ஆக்கியவர் அவரே. மெடிக்கஸ் என்பவர் 1875இலேயே ஊகமாக வெளியிட்ட அமைப்பைத் தொடக்கத்தில் பிஷர் ஏற்றுக்கொள்ளவில்லை. தம் பரிசோதனைகளே பின்னர் மெடிக்கஸின் பக்கம் சாட்சி சொன்னபோது, 1897இல், அவருடைய அமைப்பையே தாமும் ஏற்றுக்கொண்டார். இவ்விரு துறைகளுக்குமாக 1902இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அப்பரிசை முதன்முதலாகப் பெற்றவர் வான்ட் ஹொப். அணுவின் கைகளைச் சொன்னவர் முதலிலும், அக்கைகளைக் கொண்டு வெல்லங்களின் உருவைச் சொன்னவர் இரண்டாவதாகவும் நின்றது பொருத்தமே.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது வரலாம். 1894இல் பிஷர் நொதியங்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். குளுக்கோசுடன் மெதைல் கூட்டத்தைப் பிணைத்தால் இரண்டு வடிவங்கள் கிடைக்கும். பிணைப்பு நிற்கும் பக்கம் ஒன்றே அவற்றின் வேற்றுமை. ஈஸ்ற்றிலிருந்து பெற்ற நொதியம் ஒரு வடிவத்தைப் பிளந்தது, மற்றதைத் தொடவில்லை. வாதுமையிலிருந்து பெற்ற எமல்சின் என்னும் நொதியமோ மற்றதைப் பிளந்தது, முதலாவதைத் தொடவில்லை. பூட்டும் திறவுகோலும் பொருந்துவதுபோல நொதியமும் அதன் இரையும் உருவத்தாற் பொருந்த வேண்டும் என்று பிஷர் விளக்கினார். உருவம் என்பது தாளில் வரையும் அலங்காரமன்று, உயிரின் தொழிலே உருவத்தின்மேல் நிற்கிறது என்பது இதனால் வெளிப்பட்டது.

தேயிலைக் கொழுந்திலும் இதுவே நிகழ்கிறது. லினலோல், ஜெரானியோல் முதலிய மணப்பொருள்களிற் கணிசமான பகுதி, உயிருள்ள இலையில் வெல்லத்துடன் பிணைந்து, மணமற்றுப் பூட்டிக் கிடக்கிறது. அப்பூட்டாக அமையும் வெல்லம் பெரும்பாலும் குளுக்கோசும் சைலோசும் சேர்ந்த ஓர் இரட்டை என்று 1990களில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். கொழுந்தை வாட்டி உருட்டும்போது உயிரணுக்கள் உடைகின்றன, அதுவரை அப்பால் இருந்த நொதியம் வந்து வெல்லத்தின் பிணைப்பைத் திறக்கிறது, மணம் வெளிப்படுகிறது. அவ்வேளையிலேயே வேறொரு நொதியம் இலையின் பொலிபீனோல்களைக் காற்றின் ஒட்சிசனோடு சேர்த்துச் செந்நிறமாக்குகிறது. தொழிற்சாலைகளில் இதனை நொதித்தல் என்று சொல்வது வழக்கம். உண்மையில் இது ஒட்சியேற்றமே, கள் புளிப்பது போன்றதன்று. திம்புள்ளப் பகுதியிலேயே, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில், 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் அமைந்திருக்கிறது. பேர்லினில் தோன்றிய ஓர் எண்ணத்துக்கு இம்மலைகளில் இத்தனை அணுக்கமான சாட்சி இருப்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

துவர்ப்பைப் பற்றியும் ஒரு சொல். தம் இறுதி ஆய்வுக்காலத்தில் பிஷர் தனின்களை எடுத்துக்கொண்டார். 1912இல் புரொய்டன்பேர்க் என்னும் இளைஞருடன் சேர்ந்து, சீனக் கடுக்காயென வழங்கும் செடிக்கரணையின் தனின், குளுக்கோசின் ஐந்து ஐதரொட்சைல்களிலும் கலிக் அமிலத் தொகுதிகள் பிணைந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டினார். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் வேறு குடும்பத்தவை. ஆயினும் அவற்றுட் பலவற்றிலும் அதே கலிக் அமிலம் அதே வகைப் பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. இடையில் அவர் புரதங்களையும் விட்டுவைக்கவில்லை. அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோத்து, 1907இல் பதினெட்டு மணிகள் கொண்ட சங்கிலியொன்றை ஆக்கினார். அதைப்பற்றி எழுதப் புகுந்தால் இன்னொரு கட்டுரை வேண்டும்.

இனி, விலையைச் சொல்ல வேண்டும். பினைல் ஐதரசீன் நஞ்சு. ஆண்டுக்கணக்காக அதன் ஆவியைச் சுவாசித்தும் கையாற் கையாண்டும் வந்த பிஷரின் குடலும் தோலும் கெட்டன. நஞ்சு என்பதை உணர்ந்தபோது காலங் கடந்துவிட்டது. வெல்லங்களின் முகத்தை உலகுக்குக் காட்டிய பொருள், காட்டியவரின் உடலை உள்ளிருந்தே அரித்தது. பாதுகாப்பான ஆய்வுகூடமும் நல்ல காற்றோட்டமும் ஆடம்பரம் என்று எண்ணுவோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களுக்கு இவ்வாழ்க்கையை எடுத்துக்காட்டலாம்.

1888இல் அவர் எர்லாங்கன் உடற்கூற்றியற் பேராசிரியரின் மகளான அக்னஸ் கெர்லாக்கை மணந்தார். மூன்று ஆண்மக்கள் பிறந்தனர். கஃபீனை ஆக்கிய அதே 1895இல் அந்த அம்மையார் இறந்துபோனார். பிஷர் மறுமணஞ் செய்துகொள்ளவில்லை.

1914இல் பெரும்போர் மூண்டது. அவ்வாண்டு அக்டோபரில் ஜெர்மானிய அறிஞர் தொண்ணூற்று மூவர் வெளியிட்ட பிரகடனத்தில் பிஷரும் கையொப்பமிட்டார். பெல்ஜியத்தில் தம் நாட்டுப் படை இழைத்த கொடுமைகளை மறுத்த பிரகடனம் அது. தாம் பரிசோதித்து அறியாத எதையும் மெய்யென்று எழுதாத ஒருவர், தாம் கண்டறியாத ஒன்றுக்குக் கைச்சாத்திட்டது அவர் வாழ்க்கையில் எனக்கு ஒவ்வாத பக்கம். போர்க்காலத் தேவைகளுக்கு நாட்டின் இரசாயனத் தொழிலை ஒழுங்குபடுத்தும் பணியிலும் தம்மை முழுமையாக ஈடுபடுத்தினார்.

போர் அவர் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. இரண்டாவது மகன் வால்ட்டர், கட்டாய இராணுவப் பயிற்சியில் மனமுடைந்து 1916இல் தம் உயிரைத் துறந்தார். இளைய மகன் அல்பிரெட் 1917இல் புக்காரெஸ்ட் நகரில் தைபசு காய்ச்சலால் இறந்தார். மூத்தவர் ஹெர்மன் மட்டுமே எஞ்சினார். போரில் நாடு தோற்றது. உடலிற் புற்றுநோய் கண்டிருந்தது. 1919ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் பேர்லினில் எமில் பிஷர் காலமானார். முடிவை அவரே தேர்ந்துகொண்டார் என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். அறுபத்தாறு வயது. அவரது வாழ்க்கை நினைவுகள் 1922இல் நூலாக வெளிவந்தன.

அவர் வரைந்த நேர்ச்சங்கிலி பிற்காலத்தில் திருத்தம் பெற்றது. நீரிற் கரைந்த குளுக்கோசு பெரும்பாலும் சங்கிலியாக நிற்பதில்லை. ஐந்தாங் காபனின் ஐதரொட்சைல் வளைந்து வந்து முதற் காபனின் அல்டிகைட்டைப் பற்றி, ஆறு முனையுடைய வளையமாகிவிடுகிறது. 1920களில் இங்கிலாந்தின் ஹேவொர்த் இதனை நிலைநாட்டினார். ஆயினும் வளையமாகினாலும் சங்கிலியாகினாலும், அந்நான்கு காபன்களுக்கிடையே பிஷர் கண்ட உறவு மாறவில்லை.

வலக்கையா இடக்கையா என்ற கேள்வி மட்டும் அறுபது ஆண்டுகள் திறந்தபடியே கிடந்தது. 1951இல் ஒல்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் பைவூட் என்பவரும் அவருடைய துணைவரும் தார்த்தாரிக் அமிலத்தின் சோடியம் உருபீடியம் உப்புப் பளிங்கை ஊடுகதிருக்கு உட்படுத்தி, அணுக்கள் மெய்யாகவே எப்பக்கம் நிற்கின்றன என்பதைக் கண்டனர். அவ்வமிலத்தின் உருவம் தெரிந்தால் குளுக்கோசின் உருவமும் தெரிந்துவிடும். இரண்டையும் பிணைக்கும் இரசாயனத் தொடர் முன்பே நிறுவப்பட்டிருந்தது. பிஷர் உடன்பாடாகக் கொண்ட பக்கமே உண்மையான பக்கம் என்பது தெரியவந்தது. மறுபக்கமாயிருப்பின் உலகிலுள்ள பாடநூற் படங்கள் அத்தனையையும் திருப்பி வரைய வேண்டியிருந்திருக்கும்.

அப்போது மூத்த மகன் ஹெர்மன் கலிபோர்னியாவில், பேர்க்லி பல்கலைக்கழகத்தில் உயிரிரசாயனப் பேராசிரியராய் இருந்தார். அவரும் வாழ்நாளெல்லாம் வெல்லங்களையே ஆராய்ந்தவர். ஜெர்மனியை விட்டுச் சுவிற்சலாந்து, கனடா வழியாகச் சென்ற அவரோடு தந்தையின் நூல்நிலையமும் பேர்க்லி வந்து சேர்ந்திருந்தது.